வெளிநாடு போகும் சிப்பாய்க்கு நோய் எங்கே காத்திருக்கிறது?

2003 ஆகஸ்ட். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் லைபீரியாவில் உள்நாட்டுப் போர் ஓய்கிற நேரம். அதிபர் சார்லஸ் டெய்லர் பதவியை விட்டதோடு நாட்டையும் விட்டுப் போய்விட்டார். தலைநகர் மன்ரோவியாவில் சாப்பாடும் மருந்தும் வந்து இறங்க வழி வேண்டும். கரைக்கு அப்பால் நின்றிருந்த 'ஐவோ ஜிமா' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து மரைன் வீரர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர் ராபர்ட்ஸ் சர்வதேச விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பத்து நாள் போலத் தங்கினார்கள். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. வந்த வழியே கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

செப்டம்பர் பிறந்ததும் கப்பலில் ஒவ்வொருவராகப் படுக்க ஆரம்பித்தார்கள். நடுக்கம், காய்ச்சல், தலைவலி, வாந்தி. கரையில் இறங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மலேரியா என்று கணக்கு வந்தது. 44 பேரை விமானத்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பவேண்டியதாயிற்று. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

இத்தனைக்கும் எல்லார் கையிலும் மாத்திரை இருந்தது. மெஃப்ளோகுயின் என்ற தடுப்பு மாத்திரை, வாரத்துக்கு ஒன்று. பின்னர் விசாரணை நடத்தியவர்கள் எல்லாச் சந்தேகத்தையும் வரிசையாகப் பார்த்தார்கள். மாத்திரை போலியா? வீரர்களிடம் மிச்சமிருந்ததை வாங்கிச் சோதித்தார்கள், நல்ல மாத்திரைதான். மலேரியாவைத் தரும் ஒட்டுண்ணி அந்த மருந்துக்குப் பழகிப்போய்விட்டதா? அதற்கும் சான்று கிடைக்கவில்லை. கடைசியில், விமானத்தில் அனுப்பப்பட்டவர்களின் இரத்தத்தைப் பார்த்தார்கள். வாரம் தவறாமல் போட்டேன் என்று சொன்னவர்கள் 23 பேர். காப்பாற்றும் அளவுக்கு இரத்தத்தில் மருந்து இருந்தவர்கள் 4 பேர். பூச்சிவிரட்டிக் களிம்பு பூசியவர்கள் பாதிக்கும் குறைவு. பூச்சிமருந்து ஏற்றிய சீருடை போட்டிருந்தவர்கள் 5 பேர். கொசுவலைக்குள் படுத்தவர் ஒருவர்கூட இல்லை.

வெளிநாட்டுக்குப் போகும் படைகளின் நோய் ஆபத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். எபோலா, உயிரி ஆயுதம் என்று பெரிய பெரிய பெயர்களாக மனதில் ஓடும். ஆனால் நிஜத்தில் படைகளைப் படுக்கவைப்பது பெரும்பாலும் மருந்து கண்டுபிடிக்கப்பட்ட, தடுக்கும் வழி தெரிந்த, பழைய நோய்கள். மாத்திரை கைக்கு வருவதற்கும் வாய்க்குள் போவதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. நோய் அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நம் யோக்கியதையும் பெரிதில்லை. ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் போட்டுவைக்கிற வீடுதான் என்னுடையதும்.

அந்த ஊர்க்காரருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. மன்ரோவியாவில் லட்சக்கணக்கான மக்கள் அதே கொசுக்களுக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள். பத்து நாள் வந்து போனவன் ஏன் விழுகிறான்?

மலேரியா நிறைந்த ஊரில் பிறந்த குழந்தைக்குச் சின்ன வயதிலேயே அந்த நோய் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் பல குழந்தைகள் இறந்தும் போகின்றன. பிழைத்தவர்களின் உடம்புக்கு ஒட்டுண்ணி கொஞ்சம் பரிச்சயமாகிவிடுகிறது. அதன் பிறகு கொசு கடித்தாலும், ஒட்டுண்ணி இரத்தத்தில் இருந்தாலும், ஆளைச் சாய்க்கும் அளவுக்கு நோய் முற்றுவது குறைவு. இது முழுப் பாதுகாப்பு இல்லை, அரைப் பாதுகாப்பு. அந்த ஊரைவிட்டுச் சில ஆண்டுகள் வெளியே வாழ்ந்தால் அதுவும் கரைந்துபோகும். அந்த ஊர்க்காரர் உடம்பில் இருக்கும் பாதுகாப்பு இறந்துபோன குழந்தைகளின் கணக்கோடு சேர்த்து வாங்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் சிப்பாயிடம் அது கிடையாது. உடற்பயிற்சி செய்து இரும்பாக இருக்கும் இருபது வயது உடம்புதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது கைக்குழந்தையின் உடம்பு.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இதில் இன்னொரு மயக்கம் உண்டு. "நாம பாக்காத மலேரியாவா?" என்ற எண்ணம். சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசு பரப்பிவந்தது பெரும்பாலும் விவாக்ஸ் வகை. ஆளை உலுக்கும், ஆனால் பொதுவாகக் கொல்லாது. ஆப்பிரிக்காவில் ஆட்சி செய்வது ஃபால்சிபாரம். மூளை வரை போகக்கூடியது. சிகிச்சை தாமதித்தால் ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். காங்கோவுக்கும் தெற்கு சூடானுக்கும் ஐ.நா. அமைதிப்படையில் நம் ஜவான்கள் பல ஆண்டுகளாகப் போய்வருகிறார்கள். 'மிஷனுக்குப் போயிருக்கார்' என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே இருப்பது நம் ஊர் மலேரியாவின் அண்ணன் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

சோம்பல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமில்லை. சிப்பாயின் பக்கத்திலிருந்து பாருங்கள்.

மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். வலைக்குள் படுத்துக்கொள் என்று சொல்வது எளிது. இரவுக் காவலில் நிற்பவன் எந்த வலைக்குள் படுப்பது? வியர்வை கொட்டும் உடம்பில் பிசுபிசுவென்று களிம்பு பூசவேண்டும், அதுவும் மணிக்கணக்கில் நிற்கும் வேலையில் திரும்பத் திரும்பப் பூசவேண்டும். கொசுக்களிம்புகளில் உலகம் முழுக்கப் பயன்படும் 'டீட்' என்ற மருந்தே 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டதுதான். பொதுமக்கள் கைக்கு அது 1957-ல் வந்தது. ஆனால் அதை உருவாக்கிய ராணுவத்தின் வீரர்களே பூசாமல் விட்டார்கள். சீருடைத் துணியிலேயே பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை ஏற்றித் தருவது இதனால்தான் வந்தது. உடுத்தினால் போதும், நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மனிதனின் ஞாபகத்தை நம்பாத தடுப்புமுறைதான் என் கணக்கில் நல்ல தடுப்புமுறை.

மாத்திரைக்கும் கெட்ட பெயர் உண்டு, காரணத்தோடுதான். மெஃப்ளோகுயின் சிலருக்குப் பயங்கரக் கனவு, தலைசுற்றல், மனச்சோர்வு எல்லாம் தந்தது. 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தின் மேல் தன்னிடமுள்ள மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. இன்றைக்குத் தினமும் போடும் வேறு மாத்திரைகளைத்தான் படைகள் முதலில் எடுக்கின்றன. பாராக்கில் பக்கத்துக் கட்டில்காரன் ராத்திரி அலறி எழுந்ததைப் பார்த்தவன் மறுவாரம் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டால் அவனை எப்படித் திட்டுவது?

இங்கே ஒரு கிளைக்கதை. மெஃப்ளோகுயின் பிறந்தது வியட்நாம் போரின் நிழலில், அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தின் வேலையில். அதே போரில் எதிர்ப்பக்கத்து வீரர்களும் காட்டில் மலேரியாவால் விழுந்துகொண்டிருந்தார்கள். வட வியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. 1967 மே 23 அன்று தொடங்கியதால் 'திட்டம் 523' என்று பெயர் வைத்து ரகசியமாக ஆய்வு நடந்தது. பழைய சீன வைத்தியச் சுவடிகளைப் புரட்டிய து யூயூ என்ற ஆய்வாளர் ஒரு மூலிகையிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுக்க வழி கண்டார். அவருக்கு 2015-ல் நோபெல் கிடைத்தது. இன்று உலகம் முழுக்க மலேரியா நோயாளிகளைப் பிழைக்கவைப்பது அந்த மருந்துக் குடும்பம்தான். ஒரே காடு, ஒரே கொசு, இரண்டு பக்கமும் இரண்டு மருந்து.

மூன்று அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பிய தளபதி

மாத்திரையை விழுங்கவைப்பது எப்படி என்பதற்கு இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ஒரு விடை கிடைத்தது. அங்கே ஜப்பானை எதிர்த்து நின்றது பதினான்காம் படை. அதில் பெரும்பான்மை இந்தியர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவின் தமிழ்ச் சிப்பாய்களும் பாலம் கட்டிக்கொண்டும் பாதை போட்டுக்கொண்டும் அதில் இருந்தார்கள். 1943-ல் அந்த முனையிலிருந்து காயத்துக்காக ஒருவரைப் பின்னால் அனுப்பினால், நோய்க்காக 120 பேரை அனுப்பவேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் போனால் ஜப்பான்காரன் சுடவே வேண்டாம், சும்மா காத்திருந்தால் போதும்.

தளபதி வில்லியம் ஸ்லிம் இதை டாக்டர்களின் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. அப்போதைய தடுப்பு மாத்திரை மெபாக்ரின். தோலை மஞ்சளாக்கும். ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. அந்த வதந்தி ஒன்று போதாதா, இளம் வயதுச் சிப்பாய் மாத்திரையைத் துப்ப? ஸ்லிம் முன்னறிவிப்பு இல்லாமல் ஏதாவது ஒரு பட்டாலியனை நிறுத்தி, ஒவ்வொரு ஆளையும் பரிசோதிக்கச் சொன்னார். நூற்றுக்கு 95 பேருக்காவது உடம்பில் மருந்து இருக்கவேண்டும். குறைந்தால் அந்தப் பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர் பதவி போகும். மூன்று பேரைத்தான் அப்படி நீக்கவேண்டிவந்தது. மற்றவர்களுக்குச் சேதி புரிந்துவிட்டது.

அவர் சிப்பாயைத் தண்டிக்கவில்லை, அதிகாரியைத் தண்டித்தார். அதைத்தான் இதில் கவனிக்கவேண்டும். அதன் பிறகு மாத்திரை நேரம் என்பது வரிசையில் நின்று, வாயில் போட்டு, விழுங்கியதை மேலாள் பார்க்கும் நேரமாகிவிட்டது. இன்னொரு மாற்றமும் நடந்தது. மலேரியா வந்தவர்களை இந்தியாவுக்கு அனுப்பி, மாதக்கணக்கில் அவர்களை இழப்பதற்குப் பதிலாக, முனைக்குச் சில மைல் பின்னாலேயே சிகிச்சை முகாம் போட்டார்கள். சில வாரங்களில் ஆள் திரும்பி வந்துவிடுவார். 1945-க்குள் நோயில் விழுவோர் கணக்கு நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

கொசுவைவிடச் சின்னது

மலேரியாவையே பேசிக்கொண்டிருந்தால் கொசுதான் ஒரே எதிரி என்று தோன்றிவிடும். 2003-ல் இராக்குக்குப் போன அமெரிக்கர்களுக்கு வேறொன்று காத்திருந்தது. நசீரியா அருகே தல்லீல் விமானத் தளம். முகாம் இன்னும் சரியாக அமையவில்லை. வெக்கை தாங்காமல் வண்டி மேலும் வெட்டவெளியிலும் டி-ஷர்ட்டோடு படுத்தார்கள். காலையில் உடம்பெல்லாம் தடிப்பு. கடித்தது மணல் ஈ. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், ரீங்காரம் இருக்காது, சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக நுழைந்துவிடும். வலை கட்டியிருந்தாலும் மருந்தில் நனைக்காத வலையாக இருந்தால் பிரயோஜனம் இல்லை.

வாரங்கள் கழித்து, சிலருக்கு மாதங்கள் கழித்து, கடித்த இடத்தில் ஒரு பரு. வலிக்காது. மெல்ல விரிந்து, நடுவில் குழிந்து, ஓரம் தடித்த புண்ணாக நிற்கும். எந்தக் களிம்புக்கும் ஆறாது. உள்ளூரில் அதற்கு 'பாக்தாத் கட்டி' என்றே பெயர். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியின் வேலை. முதல் ஓராண்டிலேயே நூற்றுக்கணக்கான வீரர்களுக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் முகத்தில் வந்தால் தழும்பு நிரந்தரம். இராக்கிலிருந்து திரும்பியவர்கள் ஓராண்டுக்கு இரத்ததானம் செய்யக்கூடாது என்றும் விதி வந்தது. பூச்சித் தொல்லை தாங்காமல் சில வீரர்கள் நாய்க்குக் கட்டும் உண்ணிப்பட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொள்ள, அது தோலைப் புண்ணாக்கும், வேண்டாம் என்று ராணுவ மருத்துவர்கள் எச்சரிக்கவேண்டியதாயிற்று.

இந்த ஒட்டுண்ணியின் இன்னொரு வகைக்கும் மெட்ராஸுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தாவுக்கு அருகில் டம் டம் ராணுவக் குடியிருப்பில் வேலைபார்த்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாய், தீராத காய்ச்சலோடும் வீங்கிய மண்ணீரலோடும் இங்கிலாந்துக்குத் திரும்பி அங்கே இறந்தார். அவரது மண்ணீரலில் வில்லியம் லீஷ்மேன் கண்ட நுண்ணிய உருண்டைகளைப் பற்றி 1903-ல் வெளியிட்டார். அதே ஆண்டு, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் தன் நோயாளிகளிடம் அதையே கண்டார். காலா அசார் என்ற அந்தக் காய்ச்சலின் கிருமிக்கு இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனோவனி' என்று வைத்தார்கள். வெளிநாட்டுப் பணிக்கு வந்த ஒரு சிப்பாயின் உடல்தான் அந்தப் பெயரின் முதல் பாதி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். எண்ணிக்கையில் எல்லாவற்றையும் முந்துவது வயிற்றுப்போக்கு. இராக், ஆப்கானிஸ்தான் போனவர்களிடம் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒருமுறையாவது அவதிப்பட்டதாகச் சொன்னார்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ரோந்து போகிற கவச வண்டிக்குள் ஒருவருக்கு வயிறு கலக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொரியப் போரின்போது ஐ.நா. படையினர் 3,000 பேருக்குமேல் சிறுநீரகத்தைத் தாக்கும் ஒரு மர்மக் காய்ச்சலில் விழுந்தார்கள். காரணம் 1976-ல்தான் பிடிபட்டது. வயல் எலியின் கழிவிலிருந்து பரவும் வைரஸ் அது, ஹந்தான் ஆற்றுப் பெயரால் ஹாண்டா வைரஸ் ஆனது. தைவானைப் பிடிக்க நீச்சல் பயிற்சி எடுத்த சீன வீரர்கள் 1950 வாக்கில் ஆயிரக்கணக்கில் நத்தைக் காய்ச்சலில் விழுந்தார்கள். கால்வாய் நீரில் நத்தை விட்ட புழு தோல் வழியே உடம்புக்குள் நுழைந்துவிட்டது.

நாய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கவேண்டும். எந்த முகாமிலும் ஒரு நாய் வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் மிச்சச் சோற்றைப் போட்டு, பேர் வைத்து, கொஞ்சுவார்கள். 2011 ஜனவரியில் ஆப்கானிஸ்தானில் ஒரு அமெரிக்க வீரரை அப்படியொரு நாய் கடித்தது. முழு சிகிச்சை கிடைக்கவில்லை. அவர் பணி முடிந்து நாடு திரும்பிவிட்டார். ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் கையும் தோளும் வலிக்கிறது என்று மருத்துவமனைக்குப் போனார். அந்த மாதமே ரேபிஸால் இறந்தார். நாய் கடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஊருக்கு வந்த பிறகும்

அந்த எட்டு மாதத்தில்தான் இந்த நோய்களின் சூட்சுமம் இருக்கிறது. கிருமி உடம்பில் நுழைவதற்கும் நோய் தெரிவதற்கும் இடைப்பட்ட காலம் நாள்கணக்கில் இருக்கலாம், ஆண்டுக்கணக்கிலும் இருக்கலாம். அதற்குள் சிப்பாய் விமானம் ஏறிவிடுவார்.

விவாக்ஸ் மலேரியா இதில் கைதேர்ந்தது. அதன் ஒரு பகுதி கல்லீரலில் போய் உறங்கும். இரத்தத்தில் இருப்பதைக் கொல்லும் மருந்து, உறங்குவதை ஒன்றும் செய்யாது. கொரியாவிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மாதங்கள் கழித்து, சொந்த ஊரில், சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது குளிர்க்காய்ச்சல் வந்தது. அவர்களில் ஒருவர் 1952-ல் கலிஃபோர்னியாவில் லேக் வேரா என்ற ஏரிக்கரையில் முகாமிட்டிருந்தபோது காய்ச்சலில் படுத்தார். அந்த ஊர்க் கொசு அவரைக் கடித்தது. பக்கத்தில் சிறுமிகளின் கோடை முகாம். கொரியா எங்கே இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகள் உட்பட 35 பேருக்கு மலேரியா. கல்லீரலில் உறங்குவதையும் கொல்லும் பிரைமாகுயினை, திரும்பும் கப்பலிலேயே பதினான்கு நாள் கொடுத்து முடிப்பது அந்தக் காலத்தில்தான் வழக்கமானது. கப்பலில் கொடுத்ததற்குக் காரணம் லேசானது. கப்பலை விட்டு யாரும் ஓடமுடியாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும், அதனால் இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே அந்தப் பரிசோதனையைச் செய்துவைப்பார்கள்.

நீண்ட காத்திருப்புக்குச் சாட்சி வேண்டுமென்றால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் போட்ட சயாம் மரண ரயில்பாதையைச் சொல்லலாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் கொத்துக்கொத்தாக மடிந்த அதே பாதை. அங்கே கைதிகளாக வேலைசெய்து பிழைத்துப்போன பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சிலரின் குடலில், வெறுங்காலோடு சேற்றில் நின்றபோது ஏறிய ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது.

கொண்டுவருவது மட்டுமில்லை, கொண்டுபோவதும்

இதுவரை நோயைச் சிப்பாய் வாங்கிவருவதைத்தான் பார்த்தோம். கொடுத்துவிட்டு வருவதும் நடந்திருக்கிறது.

2010 ஜனவரியில் ஹைட்டியைப் பெருநிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அக்டோபரில் நேபாளத்திலிருந்து ஐ.நா. அமைதிப்படையின் புதுப் பிரிவு ஒன்று வந்தது. அவர்கள் கிளம்பும் முன் நேபாளத்தில் காலரா இருந்தது. மிர்பாலே ஊரருகே அவர்கள் முகாம். முகாமின் கழிவு சரியாகத் தேக்கப்படாமல் அருகில் ஓடிய ஓடையில் கலந்தது. ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் சேர்கிறது. ஆற்றுநீரைத்தான் கீழே உள்ள கிராமங்கள் குடிக்கின்றன. ஒரு நூற்றாண்டாகக் காலராவே பார்க்காத நாடு அது. மக்களின் உடம்புக்கு அந்தக் கிருமி புதிது. எட்டு லட்சம் பேருக்குமேல் நோய், ஏறத்தாழ 10,000 சாவு. ஐ.நா. பல ஆண்டுகள் பொறுப்பேற்க மறுத்தது. 2016 டிசம்பரில்தான் பொதுச்செயலாளர் பான் கி-மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்த வீரர்கள் காலராவோடு வந்தோம் என்று தெரிந்து வரவில்லை. காலரா கிருமி உள்ளவர்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது. கக்கூஸ் தொட்டியும் ஓடைக்குச் சில அடி தூரமும் ஒழுங்காக இருந்திருந்தால் அத்தனை பேரும் இன்றைக்கு இருந்திருப்பார்கள். லைபீரியாவில் ஒரு வீரன் மாத்திரையை விட்டது அவனுக்கு ஆபத்து. இங்கே ஒரு கான்ட்ராக்ட் குழாய் வேலை சரியில்லாமல் போனதற்கு விலை கொடுத்தது அழைக்காமலே விருந்தாளிகளை ஏற்ற ஊர்.

எபோலா நேரத்தில், 2014-ல், அதே லைபீரியாவுக்கு அமெரிக்கப் படை மறுபடியும் போனது. இம்முறை உச்சத்தில் சுமார் 2,800 பேர். நாளுக்கு இருமுறை உடல் வெப்பம் பார்த்தார்கள். திரும்பியவர்களை, தளபதி உட்பட, 21 நாள் தனியே வைத்துக் கண்காணித்தார்கள். ஒருவருக்கும் எபோலா வரவில்லை. பயம் இருந்தால் ஒழுங்கு தானாக வந்துவிடுகிறது போலும். மலேரியாவுக்கு அந்தப் பயம் கிடைப்பதில்லை, பழகிய பெயராக இருப்பதுதான் அதன் பலம்.

நம் வீட்டுக்கு வந்தால்

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குக் கிளம்பும் முன் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். இதை மஞ்சள் காமாலையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இரண்டும் வேறு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். சிப்பாயானாலும் வியாபாரியானாலும் அப்படித்தான். கெடுபிடிக்குக் காரணம் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். கொசு நம் தெருவில் ஏராளமாக இருக்கிறது, வைரஸ்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இலங்கையின் நிலையும் இதுபோலத்தான். உள்ளூர் மலேரியா கடைசியாக 2012 அக்டோபரில் பதிவானது. 2016-ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. அதன் பிறகு அங்கே தென்படும் மலேரியா கிட்டத்தட்ட எல்லாம் வெளியிலிருந்து வருவதுதான். ஆகவே ஆப்பிரிக்காவில் அமைதிப்படைப் பணி முடித்துத் திரும்பும் வீரர்களின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது மிஷன் முடிந்து லீவில் வந்திருக்கிறார் என்று வையுங்கள். மூன்றாம் வாரம் காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் டாக்டர் பார்ப்பார். நம் ஊரில் காய்ச்சல் என்றால் வைரல், டெங்கு, டைபாய்டு, கொஞ்சம் கூர்மையானவராக இருந்தால் ஸ்க்ரப் டைபஸ். ஃபால்சிபாரம் மலேரியா அவர் மனதில் வராமல் போகலாம். அது அவர் தப்பில்லை, அவர் பார்க்கும் நோயாளிகள் யாரும் காங்கோவுக்குப் போனதில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும், எத்தனை நாள் காய்ச்சல் என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே, எந்த நாட்டில் இருந்தேன், எந்தத் தேதியில் திரும்பினேன், தடுப்பு மாத்திரையை எத்தனை வாரம் போட்டேன், எப்போது விட்டேன் என்று நான்கையும் சொல்லிவிடவேண்டும். மாத்திரையை விட்டிருந்தால் விட்டேன் என்றே சொல்லவேண்டும். பெரும்பாலான தடுப்பு மாத்திரைகளை ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் தொடரவேண்டும், சிலவற்றை ஒரு வாரம். வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்ததும் பலர் முதலில் விடுவது அதைத்தான். இரத்தத்தில் மலேரியா பார்க்கும் ஸ்மியர் டெஸ்டை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை இல்லை என்று வந்து காய்ச்சல் விடாவிட்டால், பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ கழித்து இன்னொரு முறையும்.